தாமிரபரணிக் கரையில் நடப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிறந்தவன் நான். வருகிற நண்பர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் ஆற்றங்கரையோரம் கூட்டிக்கொண்டு நடந்து, இயற்கையையும் ஆற்றை நம்பி வளர்ந்த தொழில் மரபையும் காட்டுவது சில வருடங்களாகவே வழக்கமாகிவிட்டது. போனில் வரும் கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, சொன்ன பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, தாமிரபரணிக் கரையில நடைபாதைன்னு ஒண்ணு நெசமாவே இருக்கா?

மலையடிவாரப் பாபநாசத்தில் தொடங்கிக் கடலோரப் புன்னக்காயலில் முடிகிற ஒரே பாதை, வழியெல்லாம் அம்புக்குறி போட்ட பலகை என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். அப்படி ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம் துண்டு துண்டான கரைகள்: கால்வாய்க் கரை, படித்துறையிலிருந்து படித்துறைக்குப் போகும் மண் தடம், வயல் வரப்பு, நடுவில் கொஞ்சம் தார் ரோடு.

பொதிகை மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும் வரை ஆற்றின் நீளம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே மூச்சில் நடந்தவர்கள் இருக்கலாம், நான் நடந்ததில்லை. ஒரு நாளைக்கு ஆறேழு கிலோமீட்டர், அதுவும் நின்று நின்று. அதற்கு மேல் நடந்தால் கால் மட்டும்தான் நடக்கும், கண் நடக்காது.

இயற்கைன்னா புரியுது. 'தொழில் மரபு'ன்னு சொல்றீங்களே, பழைய மில்லுச் சுவரைப் பாக்கவா இவ்வளவு தூரம் வரணும்?

சுவரைப் பார்க்க வர வேண்டாம், தண்ணீரைப் பின்தொடர்ந்து வாருங்கள். மலையில் பெய்த ஒரே மழை காரையார் அணையில் தேங்குகிறது, குழாய்வழி இறங்கி மின்சார எந்திரத்தைச் சுழற்றுகிறது, ஒரு காலத்தில் பஞ்சாலையையும் சுழற்றியது. பிறகு அணைக்கட்டில் திரும்பி வயலுக்குப் போகிறது, பத்தமடையில் கோரையை ஊறவைக்கிறது, கடைசியில் மிச்சம் இருந்தால் கடலுக்குப் போகிறது. வழியில் இருக்கும் மருதமரமும் நாரையும் நீர்நாயும் அதே தண்ணீரில் பங்கு வாங்கித்தான் பிழைக்கின்றன. எது இயற்கை, எது தொழில் என்று இந்த ஆற்றில் கோடு கிழிக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அப்ப பாபநாசம் அருவியிலதான ஆரம்பிக்கணும்?

எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அகஸ்தியர் அருவியில் ஒரு குளியல், கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி, அவ்வளவோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். என் யோசனை வேறு. முதல் நாள் ஏதாவது ஒரு கால்வாயில் தொடங்குங்கள். கன்னடியன் கால்வாய்க் கரையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூர் பக்கமாகக் காலை ஆறரை மணிக்கு நடந்தால், ஒரு பக்கம் வாழையும் நெல்லும், மறுபக்கம் துவைக்கிற சத்தமும், தூரத்தில் மலையும் இருக்கும். கால்வாயில் தண்ணீர் எதற்காக ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அருவிக்குப் போனால் அருவியே வேறு மாதிரி தெரியும்.

கார் இல்லாம ரயில்லயே வந்துட்டுப் போக முடியுமா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால் அதுதான் நல்லது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டைக்குப் போகும் ரயில் பாதை மேல்பகுதிக்கு: சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் (எங்கள் பேச்சில் அம்பை). கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பைக்கும் நடுவில் ரயில் ஆற்றைக் கடக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சன்னலோரம் இடம் பிடியுங்கள். கீழ்ப்பகுதிக்குத் திருச்செந்தூர் ரயில்: செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. அம்பையிலிருந்து விக்கிரமசிங்கபுரம், பாபநாசத்துக்கு டவுன் பஸ் உண்டு.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

இந்த ஆற்றுக்கு இரண்டு பருவமழையும் கை கொடுக்கும். அதனால்தான் வற்றாத ஆறு என்ற பேர். விவசாயமும் அதன்படிதான்: ஜூனில் தண்ணீர் திறந்தால் கார் சாகுபடி, ஐப்பசி மழையோடு அடுத்த நெல் போகமான பிசானம். நடக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், பிசான நெல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும், பறவைகளும் நிறைய. ஐப்பசி, கார்த்திகையில் கரைப்பக்கமே வராதீர்கள். காரணம் குளிப்பதைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

ஹார்வி மில்லுக்குள்ள விடுவாங்களா?

விடமாட்டார்கள், அது தனியார் வளாகம். வாசலில் நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். ஆனால் உள்ளே போகாமலே அந்த ஆலையின் கதையில் பாதி வெளியே தெரியும்.

ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தார்கள். பருத்தி விளைகிற கரிசல் காடு இருப்பது கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம். இங்கே மலையடிவாரத்தில் நெல்லும் வாழையும்தான். பிறகு ஏன் ஆலையை இவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுவந்து வைத்தார்கள்? மலையிலிருந்து தண்ணீர் விழுகிற இடம் இது. அந்த வேகத்தைக் கொண்டே எந்திரத்தைச் சுழற்றினார்கள். நிலக்கரியைக் கப்பலில் இறக்கி ரயிலில் சுமந்துவரும் செலவு இல்லை. வண்டியில் பஞ்சு வந்தது, நூலாகப் போனது. அதே ஹார்விகள் தூத்துக்குடியில் கோரல் மில்லும், 1892-ல் மதுரையில் மதுரா மில்லும் தொடங்கினார்கள். 1974-ல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் 'ஆர்வி மில்லு'தான்.

கோரல் மில் என்றதும் 1908 நினைவுக்கு வர வேண்டும். பிப்ரவரி கடைசியில் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. ஆக, ஆற்றில் தொடங்கும் இந்தக் கதை துறைமுகம் வரை போகிறது.

காரையார் டேம், பவர் ஹவுஸ் எல்லாம் பாக்கலாமா?

பாபநாசம் சோதனைச் சாவடிக்கு மேலே எல்லாமே களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1962-ல் அறிவித்த முண்டந்துறைச் சரணாலயத்தையும் 1976-ல் அறிவித்த களக்காடு சரணாலயத்தையும் சேர்த்து 1988-ல் உருவானது. வனத்துறை அனுமதித்த நேரத்தில், அனுமதித்த இடம் வரைதான் போகலாம். விதிகள் அடிக்கடி மாறும், நெருப்புக் காலத்தில் மூடிவிடுவார்கள். புறப்படும் முந்தின நாள் அம்பை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம். பிளாஸ்டிக் பை, பாட்டில் சாவடியிலேயே நின்றுவிடும். சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.

மின்நிலையத்துக்குள் அனுமதி இல்லை. ஆனால் லோயர் கேம்ப் பக்கம் ரோட்டிலிருந்தே மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்கள் தெரியும். 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணையிலிருந்து (காரையார் அணை என்பதும் இதுதான்) விடும் தண்ணீர் ஆற்றுவழியே கீழணைக்கு வந்து, அங்கிருந்து இந்தக் குழாய்களில் இறங்கி எந்திரங்களைச் சுழற்றிவிட்டு மறுபடி ஆற்றிலேயே விழுகிறது. 1944-ல் மின்னுற்பத்தி தொடங்கியது. இன்றைக்கு நான்கு எந்திரங்கள், 32 மெகாவாட். பக்கத்துச் சேர்வலாறு அணை 1986-ல் வந்தது. அதையும் காரையாரையும் மலைக்குள் ஒரு சுரங்கம் இணைக்கிறது. அணை நீர்மட்டம் பற்றிப் பேப்பரில் வருவதைப் படித்துப் பாருங்கள், இரண்டு அணைகளும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

அணையும் அணைக்கட்டும் ஒண்ணுதானே? ஆத்துல இருக்கிற எட்டு அணைக்கட்டையும் பாத்தே ஆகணுமா?

ஒன்றில்லை. அணை தண்ணீரைத் தேக்குவதற்கு. அணைக்கட்டு, தேக்காமல் கொஞ்சம் மட்டம் உயர்த்தி, பக்கவாட்டில் கால்வாய்க்குத் திருப்புவதற்கு. மிச்சம் அதன் தலைமேல் வழிந்து ஆற்றிலேயே போய்விடும். மேலேயிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இந்த எட்டிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிந்து 86,107 ஏக்கருக்குப் பாய்கின்றன. முதல் ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் அவர்கள் கட்டியது, 1870களில் முடிந்தது.

எட்டையும் பார்க்கத் தேவையில்லை, இரண்டு போதும்: பழையதில் ஒன்று, ஸ்ரீவைகுண்டம் ஒன்று. பழையது நேர்கோட்டில் இருக்காது. ஆற்றுக்குள் எங்கெங்கே பாறை இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு வளைந்து போகும். வெள்ளம் முட்டும்போது நெஞ்சு காட்டாமல் தோளைக் காட்டி நிற்கிற மாதிரி. ஸ்ரீவைகுண்டத்தில் கல்லெல்லாம் சீராகச் செதுக்கி, கரைக்குக் கரை நேராக வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் இரண்டு விதமான மூளைகள் ஆற்றோடு பேசியது புரியும். எனக்குப் பழையதுதான் பிடிக்கும், அதை மறைக்கவில்லை.

நேரம் இருந்தால் தலைமடைக்கு, அதாவது ஆற்றிலிருந்து கால்வாய் பிரியும் இடத்துக்குப் போய் மதகுப் பக்கம் பத்து நிமிஷம் உட்காருங்கள். ஒரு தடவை ஷட்டரைத் திருகி ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னிடம், 'நாலு பல்லு ஏத்துனா கடைமடைக்கு நாளைக்குச் சாயங்காலம் போய்ச் சேரும்' என்றார். கையில் கிரீஸ். மதகுச் சுவரில் சுண்ணாம்பால் போட்ட அளவுக்கோடுகள். கணக்கெல்லாம் மனதில்.

சின்னப் பிள்ளைகளோட வர்றோம். ரொம்ப நடக்கமுடியாது, எங்க போகலாம்?

திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேர்கிற இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பெரிய மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பார்த்துக்கொண்ட அந்தச் சின்ன இடத்தை 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அந்தச் சட்டப்பிரிவின்கீழ் வந்த முதல் காப்பகம் அதுதான், பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. கோபுரத்தின் உள்தளங்களில் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன, ஏற அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். மரத்தடியில் குடையோடு நில்லுங்கள், மழைக்காக இல்லை.

அம்பையில் சொப்புச் சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் திரும்பும் வழியெல்லாம் சத்தம் போடாது. மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியவை. அதுவும் இந்தக் கரையின் தொழில்தான்.

நீர்நாய் இருக்குன்னு சொல்றாங்களே, கண்ணுல படுமா?

இருக்கிறது, பெரும்பாலும் படாது. நான் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன், அதிலும் இரண்டு தடவை தலை மட்டும். ஆனால் அது வந்துபோன அடையாளத்தைப் பார்க்கலாம். ஆற்றுக்குள் தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளில் எச்சம் கிடக்கும். குச்சியால் கிளறினால் மீன் செதிலும் முள்ளும் மினுங்கும், வாடை மூக்கைத் துளைக்கும். அந்தப் பாறை தெரிந்துவிட்டால் மறுநாள் விடியுமுன் எதிர்க்கரையில் அசையாமல் உட்காருங்கள். கரையோரம் மரமும் நாணலும் அடர்ந்த இடத்தில்தான் வரும். மணல் அள்ளிக் குழியான இடத்தில் வராது.

ஆத்துல இறங்கிக் குளிக்கலாமா?

படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கிற இடத்தில் மட்டும். மேலே அமைதியாக இருக்கும் நீருக்கடியில் கசம் இருக்கும். கசம் என்றால் ஆற்றுக்குள் திடீரென்று ஆழமாகும் குழி. நீச்சல் தெரிந்தவர்களையே அது விட்டதில்லை. மின்நிலையத்திலிருந்தும் அணையிலிருந்தும் தண்ணீர் விடும்போது மட்டம் சட்டென்று ஏறும், சங்கு ஊதினால் துணியை எடுக்காமல்கூடக் கரையேறுங்கள். 1992 நவம்பர் வெள்ளத்தை அனுபவித்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், இன்றும் இரவில் மழை வலுத்தால் தூங்கமாட்டார்கள்.

இன்னொன்று. பாபநாசத்தில் பரிகாரம் என்று கட்டிய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். விடாதீர்கள். ஒரு தடவை துப்புரவுப் பணிக்குப் போயிருந்தேன். ஒரு சேலையைப் பிடித்து இழுத்தால் அதோடு பின்னிக்கொண்டு இன்னொரு சேலை, வேட்டி, மறுபடி சேலை என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு மீன் செத்துச் சிக்கியிருந்தது. பொரி போட்ட அதே மீன்களில் ஒன்று.

பத்தமடைப் பாய் பட்டு மாதிரி மடியுமாமே. ஆத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆறு இல்லாவிட்டால் பாயே இல்லை. கரையோரமும் கால்வாயோரமும் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தேங்கின தண்ணீர் உதவாது. ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, ஈர்க்கைவிட மெல்லிசாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்தால்தான் அந்த மடிப்பு வரும். தலைமுறைகளாக அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் கைவேலை. வீட்டுத் திண்ணையில் தறி தரையோடு படுத்திருக்கும். பார்க்கப் போனால் சும்மா படம் பிடித்துவிட்டு வராதீர்கள், சின்னதாக ஒரு பாயாவது வாங்குங்கள்.

திருநெல்வேலி ஊருக்குள்ள ஆத்தங்கரையில பாக்க என்ன இருக்கு?

சுலோசன முதலியார் பாலம். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் பரிசலிலும் ஓடத்திலும் கடந்துகொண்டிருந்த காலத்தில், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. வடிவமைத்தவர் ஹார்ஸ்லி என்ற பொறியாளர். 1843-ல் திறந்தார்கள், பதினொரு வளைவுகள். பிறகு அகலப்படுத்தியதால் மேலே நின்றால் ஒன்றும் தெரியாது. கீழே இறங்கி, வளைவுகளுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அதே இடத்தில் கொக்கிரகுளம் கரை. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களின் கோரிக்கைகளோடு கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடத்தியபோது, ஆற்றில் விழுந்து 17 பேர் இறந்தார்கள். மணிமுத்தாற்றுக்கு மேலே அந்தத் தோட்டங்கள் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்குப் போனவை. மலையின் தேயிலையும் ஆற்றின் இந்தக் கரையும் இப்படியும் இணைந்திருக்கின்றன. கூட்டிப் போகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆதிச்சநல்லூர் போனேன், வெறும் பொட்டல் மேடு. ஏமாந்துட்டேன்.

மேடுதான், பழங்கால மக்களின் ஈமக்காடு. பயிர் வைக்கத் தோதில்லாத அந்தப் பரம்பைத் தேர்ந்தெடுத்து, நல்ல நஞ்சையை விட்டுவிட்டு, இறந்தவர்களை அங்கே தாழியில் வைத்தார்கள். 114 ஏக்கர். 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார், அதன்பின் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரே. இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் வந்தன. விக்கிரமசிங்கபுரத்து ஆலையைத் தொழில் மரபு என்று ஒப்புக்கொண்டால், இந்த இரும்பை உருக்கியவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? பக்கத்துச் சிவகளையில் கிடைத்த தாழியின் நெல் உமி ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை என்று கணித்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளை அப்படியே விட்டுக் கண்ணாடித் தளம் போட்டுக் காட்டுகிறார்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், மேட்டில் நிழல் கிடையாது.

கடல் வரைக்கும் போனா என்ன தெரியும்?

துறைமுகங்களை ஆறு தின்ற கதை தெரியும். கொற்கையில் நின்றால் கடலே கண்ணில் படாது, வயலும் குளமும்தான். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் அது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போனதால் துறைமுகம் காயல் என்ற ஊருக்கு இறங்கியது, பிறகு புன்னக்காயலுக்கு. புன்னக்காயலில் 1586-லேயே தமிழ் அச்சுப் புத்தகம் அடித்தார்கள். இப்போது முகத்துவாரத்தில் அலையாத்திச் செடிகள், மீன்பிடி வள்ளங்கள், அந்தப் பக்கம் உப்பளப் பாத்திகள்.

ஆலைங்க வந்துதான் ஆறே கெட்டுச்சு. அதைப்போய் மரபுன்னு கொண்டாடுறீங்களே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நியாயமானவர்கள். கொண்டாடவில்லை, பார்க்கச் சொல்கிறேன். கழிவுநீர் சேரும் இடங்களில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மெத்தை மாதிரி மூடிக் கிடப்பதையும் காட்டுகிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஆலைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கோடி காலன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கடைமடை விவசாயிகள் நின்றதையும் சொல்கிறேன். ஒன்று மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நீர்ச்சக்தி ஆலையும் மின்நிலையமும் தண்ணீரின் வீழ்ச்சியை வாங்கிக்கொண்டு தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தன. குழாயில் எடுத்துப் போகிற தொழில் திருப்பித் தராது. நம் வீட்டுச் சாக்கடையோ எடுத்ததைக் கெடுத்துத் தருகிறது. ஆலையைத் திட்டும் ஊர்களில் பல, தங்கள் கழிவை எங்கே விடுகின்றன என்று படித்துறைக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

2023 வெள்ளத்துக்கு அப்புறம் பாதையெல்லாம் இருக்கா?

அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது நினைவிருக்கும். மேல்பகுதியில், அதாவது நான் முதல் நாளைக்குச் சொன்ன கன்னடியன் பக்கம், நடக்கப் பிரச்சினை இல்லை. கீழ்ப்பகுதியில் சில இடங்களில் கரை அரித்து, பழைய தடம் ஆற்றுக்குள் போய்விட்டது. பழைய பதிவுகளை நம்பி இறங்காமல், ஊருக்குள் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். போன மாதம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தி, கம்பால் தரையைக் குத்திக் காட்டினார். கம்பு பாதி உள்ளே போனது.